ஆங்கில வகுப்பும் நம் பிள்ளைகளும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் ஆடலும் பாடலும் நாடகமும் நிறைந்திருத்தல் வேண்டும். அவற்றிற்கு இடையே சொற்பொழிவு என்பது விருந்து இலையில் பாகற்காய் போன்றது. உடலுக்கு நல்லது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வர். இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்பவர் அரியர். ஆகவே, அளவறிந்தே பரிமாறுவோம் என்று தொடக்கத்திலேயே உறுதி கூறுகிறோம்.

இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், நம் குடியிருப்பின் ஒவ்வொரு வீட்டையும் தொடுவது. நம் பிள்ளைகள் பொறியியலும் மருத்துவமும் வணிகவியலும் கணிப்பொறியியலும் பயிலக் கல்லூரிகளுக்குச் செல்கிறார்கள். அங்கே பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. ஆங்கிலம் நமக்கு அயல்மொழி. அந்த அயல்மொழி வழியே நடக்கும் பாடத்தில் மாணவர் மனநிறைவு கொள்கின்றனரா? மனநிறைவு கொள்கிறோம் என்று அவர்கள் கூறினால், அச்சொல் எதனைக் குறிக்கிறது? இவ்விரண்டு வினாக்களையே நாம் இன்று ஆராயப் புகுகின்றோம்.

இஃது ஏதோ கல்வி நிபுணர்கள் மட்டும் கூடிப் பேச வேண்டிய பொருள் என்று எண்ணிவிடலாகாது. நாம் யார்? பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரை விட்டுப் பல நூறு மைல் வந்தவர்கள். நமக்கு இங்கே நிலமில்லை, நீச்சில்லை. பணி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸின் சாவியைத் திருப்பித் தர வேண்டியவர்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லக்கூடிய சொத்து கல்வி ஒன்றே. அச்சொத்து உண்மையாகவே அவர்கள் கைக்குப் போய்ச் சேர்கிறதா, அல்லது பத்திரம் மட்டும் கையில் இருக்க, நிலம் வேறிடத்தில் கிடக்கிறதா என்று பார்ப்பது பெற்றோர் கடனன்றோ?

இந்த நிலை எவ்வாறு வந்தது என்பதை முதலில் சுருங்கக் காண்போம். 1835 இல் மெக்காலே எழுதிய குறிப்பினை ஏற்று, கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபு ஆங்கிலக் கல்விக்கே அரசின் பணத்தைச் செலவிடுவது என்று தீர்மானித்தார். 1854 இல் வந்த சார்லஸ் உட்டின் அறிக்கை, பொதுமக்கள் கல்விக்கு நாட்டு மொழிகளும் உயர் கல்விக்கு ஆங்கிலமும் என்று வகுத்தது. 1857 இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அன்று தொட்டு உயர் கல்வி என்றால் ஆங்கிலம் என்பது நாட்டில் வேரூன்றிவிட்டது.

விடுதலைக்குப் பின் அறிஞர் பலர் இதனை மாற்ற எண்ணினர். டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948–49 இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, இயன்ற விரைவில் இந்திய மொழி ஒன்று ஆங்கிலத்தின் இடத்தைப் பெறல் வேண்டும் என்றது. ஆயினும் உலக அறிவோடு தொடர்பு அறாதிருக்க ஆங்கிலத்தையும் கற்றல் வேண்டும் என்றும் சொல்லியது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவும் மாநில மொழிகளே பல்கலைக்கழகத்தில் பயிற்றுமொழியாதல் வேண்டும் என்று கூறி, ஆங்கிலத்திற்கு நூலக மொழி என்னும் சிறப்பான இடத்தை ஒதுக்கியது. பரிந்துரைகள் நூலகத்தில் இருக்கின்றன. வகுப்புகளோ, குறிப்பாக அறிவியலும் தொழில்நுட்பமும் மருத்துவமும், பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன.

இனி, மாணவர் மனநிறைவைப் பற்றிய வினாவிற்கு வருவோம். நம் நாட்டில் இதனை அளந்து பார்க்க ஒரு முறையும் வகுக்கப்பட்டது. கல்லூரிகளை ஆய்ந்து தரம் வழங்கும் தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு, அதாவது ‘நாக்’ அமைப்பு, 2017 இல் திருத்தியமைத்த தன் முறையில் மாணவர் மனநிறைவுக் கணிப்பு ஒன்றைச் சேர்த்தது. அதில் 21 வினாக்கள். பாடத்திட்டத்தில் எவ்வளவு பகுதி நடத்தி முடிக்கப்பட்டது? ஆசிரியர் எவ்வளவு ஆயத்தமாக வகுப்பிற்கு வந்தார்? கருத்தை எவ்வளவு நன்றாக எடுத்துரைத்தார்? எடுத்துக்காட்டுகளால் விளக்கினாரா? இவ்வாறு வினாக்கள் செல்கின்றன. நல்ல வினாக்களே, குறை சொல்வதற்கில்லை. ஆயினும், ‘பாடம் நடந்த மொழி உனக்கு எவ்வளவு விளங்கியது?’ என்று நேரே கேட்கும் வினா ஒன்று அவற்றில் இடம்பெறவில்லை.

இடம்பெற்றிருந்தாலும் என்ன விடை வந்திருக்கும்? ‘நன்றாகவே விளங்குகிறது’ என்றே பெரும்பாலோர் குறித்திருப்பர் என்று நாம் கருதுகிறோம். இவ்வாறு கருதுவதற்குத் தக்க சான்று ஒன்று உண்டு. அது நம் நாட்டிலிருந்து வருவதன்று; சுவீடனிலிருந்து வருவது. அதனைச் சற்று விரிவாகவே சொல்லுதல் வேண்டும்.

சுவீடன் நாட்டு மக்களின் தாய்மொழி சுவீடிஷ். ஆனால் ஆங்கிலப் பயிற்சியில் அவர்கள் உலகின் முன்னணியில் நிற்பவர்கள். அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடம் தாய்மொழியிலும் மற்றொரு பாடம் ஆங்கிலத்திலும் நடப்பது வழக்கம். ஜான் ஏரி, செட்ரிக் லிண்டர் என்னும் இரு ஆய்வாளர்கள், அங்கு இயற்பியல் பயிலும் மாணவர்களை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, முடிவுகளை 2006 இல் வெளியிட்டார்கள். சுவீடிஷிலும் ஆங்கிலத்திலும் நடந்த வகுப்புகளை அவர்கள் காணொளியாக எடுத்தனர். பின்பு, அவ்வகுப்புகளில் இருந்த மாணவர்களைத் தனித்தனியே அழைத்து வினவினர்.

இரு மொழிகளில் பயில்வதில் வேற்றுமை ஏதும் உண்டா என்று கேட்டபோது, பெரிய வேற்றுமை ஒன்றும் இல்லை என்பதே மாணவர்களின் பொதுவான விடை. ஒரு வினாத்தாள் மட்டும் கொடுத்திருந்தால் ஆராய்ச்சி அத்துடன் முடிந்திருக்கும். மனநிறைவு மிக்க மாணவர்கள் என்று அறிக்கையும் எழுதியிருப்பர். ஆனால் அவ்வாய்வாளர்கள் அங்கே நிற்கவில்லை. எடுத்த படத்தை அம்மாணவர்க்கே போட்டுக் காட்டினர். ‘இந்த இடத்தில் ஆசிரியர் கேட்டாரே, நீ என்ன நினைத்தாய்? இங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்?’ என்று வினவினர். அப்போதுதான் உண்மை மெல்ல மெல்ல வெளிப்போந்தது.

ஆங்கில வகுப்பில் அவர்கள் குறைவாகவே கேள்வி கேட்டிருந்தார்கள். ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை சொல்வதும் குறைந்திருந்தது. குறிப்பு எழுதுகின்றவர்கள், எழுதுவதிலேயே கருத்தைச் செலுத்தியமையால் சொல்லப்பட்டதைப் பின்தொடர இயலாமல் இருந்தார்கள். பலர் வகுப்பில் விளங்கிக்கொள்வதைக் கைவிட்டு, கரும்பலகையில் உள்ளதை அப்படியே எழுதிக்கொண்டு, பொருளைப் பின்னர் வீட்டில் தேடிக்கொண்டார்கள். சிலர் பாடத்தை முன்கூட்டியே படித்துவிட்டு வந்தார்கள். சிலர் வகுப்பு முடிந்த பின் ஆசிரியரிடம் தனியே சென்று ஐயம் தெளிந்தார்கள்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது என்ன? அம்மாணவர்கள் பொய் சொல்லவில்லை. வேற்றுமை இல்லை என்று அவர்கள் மெய்யாகவே நம்பியிருந்தார்கள். எனினும் வகுப்பிலே அவர்கள் வாய் மூடிக் கிடந்தது. மனநிறைவு ஒரு பக்கம். விளக்கம் வேறு பக்கம். ஆங்கிலத்தில் அவ்வளவு தேர்ச்சி உடைய சுவீடன் நாட்டு மாணவர்க்கே இந்நிலை என்றால், நம் பிள்ளைகளைப் பற்றி நாம் எண்ணிப் பார்க்க வேண்டாவா?

‘எங்கள் பிள்ளைகள் மழலைப் பள்ளியிலிருந்தே ஆங்கிலத்தில் பயில்பவர்கள், எங்களைக் காட்டிலும் நன்றாகப் பேசுகிறார்கள்’ என்று உங்களிற் சிலர் கூறலாம். உண்மைதான். நம் குடியிருப்புப் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளர்பவர்கள். மூன்று மொழிகளில் அவர்கள் ஓடி விளையாடுவதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் பேச்சிற்கு வேண்டிய ஆங்கிலம் வேறு. பாடத்தின் ஆங்கிலம் வேறு. கடையில் பேரம் பேசும் மொழியால் கணிதத் தேற்றத்தை நிறுவ முடியாது.

எடுத்துக்காட்டாக ஒன்று கூறுவோம். ‘மொமென்ட்’ என்னும் சொல்லைச் சிறு பிள்ளையும் அறியும். கணப்பொழுது என்று பொருள். ‘ஒன் மொமென்ட்’ என்று நாமும் தொலைபேசியில் சொல்லுகிறோம். அதே சொல் பொறியியல் வகுப்பில் திருப்புத்திறனைக் குறிக்கிறது. ‘ஸ்ட்ரெஸ்’ என்றால் மன உளைச்சல் என்று வீட்டில் பேசிக்கொள்கிறோம். பொருள்களின் வலிமையைப் பயிலும் வகுப்பிலோ அது தகைவு. ஓர் அலகு பரப்பின் மேல் நிற்கும் விசை. ‘ஃபீல்டு’ என்றால் விளையாட்டு மைதானம், அல்லது வயல். மின்னியலில் அது புலம். அறியாத சொல்லைக் கேட்டால் மாணவன் அகராதியைப் புரட்டுவான். அறிந்த சொல் வேறு பொருளில் வரும்போது, அறியவில்லை என்பதையே அவன் அறியான். ‘புரிந்தது’ என்றே சொல்லுவான். அங்கேதான் இடர் ஒளிந்திருக்கிறது.

மேலும், நம் வீடுகளில் கல்லூரியிலிருந்து திரும்பிய பிள்ளையிடம் நாம் என்ன கேட்கிறோம்? ‘பாடம் புரிந்ததா?’ என்று கேட்கிறோம். ‘புரிந்தது அம்மா’ என்கிறான் அவன். நாமும் மகிழ்ந்து காப்பியை ஆற்றிக் கொடுக்கிறோம். அந்தக் கேள்விக்கு வேறு விடை எவ்வாறு வரும்? புரியவில்லை என்று சொல்வது மானக்கேடு. அதிலும், ஆங்கிலம் புரியவில்லை என்று சொல்வது இந்நாட்டில் அறிவே இல்லை என்று ஒப்புக்கொள்வதற்குச் சமமாகக் கருதப்படுகிறது. ஆகவே வகுப்பில் நாற்பது பேர் மௌனமாக இருக்கிறார்கள். அந்த மௌனத்தை ஆசிரியர் விளக்கம் என்று கொள்ளுகிறார். கல்லூரி ஒழுக்கம் என்று கொள்ளுகிறது. பெற்றோர் மனநிறைவு என்று கொள்ளுகிறார்கள்.

இதனால் இரு வகை மனநிறைவுகளை நாம் பிரித்தறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் பயில்கிறோம் என்னும் மனநிறைவு ஒன்று. பயின்றது விளங்கியது என்னும் மனநிறைவு மற்றொன்று. முதலாவது எதிர்காலத்தைப் பற்றியது. நல்ல வேலை கிடைக்கும், எந்த ஊருக்கும் போகலாம், வெளிநாடு செல்லலாம் என்னும் நம்பிக்கையில் பிறப்பது. அதனை நாம் குறைத்துப் பேசவில்லை. நாமே அந்த நம்பிக்கையில்தானே இவ்வளவு தொலைவு வந்தோம்! ஆனால் முதலாவது இருப்பதனால் இரண்டாவதும் இருக்கும் என்று எண்ணுவது தவறு. ரயில் சீட்டு கையில் இருப்பதும் ரயிலில் ஏறி அமர்ந்திருப்பதும் ஒன்றாகா.

அவ்வாறாயின் ஆங்கிலத்தை அகற்றிவிடுவோமா? அவ்வளவு எளிதாகத் தீரும் செய்தியன்று இது. தாய்மொழியில் உயர் கல்வி முடியாததன்று என்பதை வரலாறு காட்டுகிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில், 1847 இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்து, 1864 அளவில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அதற்கென மருத்துவ நூல்களைத் தமிழாக்குவதில் பல்லாண்டு உழைத்தார். ஐதராபாத்தில் 1918 இல் தோன்றிய உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டது. அதற்கு முன்பே, 1917 இல், மொழிபெயர்ப்புப் பணியகம் ஒன்றை அமைத்து நூல்களை ஆயத்தம் செய்யத் தொடங்கினார்கள். 1948 க்குப் பின் அப்பல்கலைக்கழகம் ஆங்கிலத்திற்கு மாறியது. கல்கத்தாவில், உலகப் புகழ் பெற்ற இயற்பியலறிஞர் சத்தியேந்திரநாத் போஸ், 1948 இல் வங்காளத்தில் அறிவியல் பரப்பக் கழகம் ஒன்றை நிறுவினார்.

தமிழகத்திலும் முயற்சிகள் நடந்தன. 1960 இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு தொடங்கப்பட்டது. 2010 இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2021 இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பொறியியலை இந்திய மொழிகளில் கற்பிக்க இசைவளித்தது. 2022 அக்டோபரில் போபாலில், மருத்துவப் படிப்பின் முதலாண்டுக்குரிய இந்தி நூல்கள் வெளியிடப்பட்டன.

இம்முயற்சிகளிலிருந்து நாம் கற்பது யாது? மொழியை மாற்றிவிட்டால் மட்டும் மனநிறைவு தானே வந்துவிடாது. நூல்கள் வேண்டும், கலைச்சொற்கள் வேண்டும், அவற்றை ஆளத் தெரிந்த ஆசிரியர் வேண்டும், படித்து முடித்தவர்க்கு வேலையும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், தாய்மொழி வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனும் மனக்குறையோடுதான் இருப்பான். இவற்றைச் செய்வது அரசுகளின் கடமை, பல்கலைக்கழகங்களின் கடமை.

நம் நிலையோ தனியானது. நம் பிள்ளைகள் அமரும் வகுப்பில் ஒடியாவும் வங்காளியும் மராட்டியரும் மலையாளியும் பஞ்சாபியும் அருகருகே அமர்கின்றனர். அங்கே தமிழில் பாடம் நடத்துங்கள் என்று நாம் கேட்கவும் இயலாது; கேட்பது நியாயமும் ஆகாது. அவ்வகுப்பில் ஆங்கிலம் எல்லோருக்கும் சமமான தொலைவில் நிற்கிறது. அத்தொலைவைக் கடக்கப் பிள்ளைக்கு நாம் என்ன துணை செய்யலாம் என்பதே நம் முன் நிற்கும் வினா. துணை செய்யக்கூடியது நம் வீட்டிலேயே இருக்கிறது. அதுதான் தமிழ்.

வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. அச்சம் வேண்டா என்று சொல்ல விரும்புகிறோம். ஒரு கருத்தை வேறொரு மொழியில் சொல்லிப் பார்ப்பது, அக்கருத்து விளங்கியதா என்று அறிய நல்லதோர் உரைகல்லாகும். மனப்பாடம் செய்த வாக்கியம் மொழி மாறும்போது உடைந்துபோகும்; விளங்கிய கருத்து மொழி மாறினாலும் நிற்கும். ‘ஆஸ்மாசிஸ்’ என்று நூறு முறை எழுதிய பிள்ளையை, அதனைத் தமிழில் சொல் என்று கேளுங்கள். தமிழில் அதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சவ்வின் ஊடே பரவுதல்; பெயரிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. ‘கேட்டலிஸ்ட்’ என்பது வினையூக்கி, வினையை ஊக்குவது. ‘இனர்ஷியா’ என்பது நிலைமம். இருந்த நிலையிலேயே இருக்க முயல்வது. தேர்விலே ஆங்கிலச் சொல்லைத்தான் எழுத வேண்டும்; எழுதட்டும். உள்ளத்தில் பொருள் நிற்பதற்குத் தமிழ்ச் சொல் ஒரு முளைக்குச்சியாக இருக்கட்டும்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சிலவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, கேட்கும் கேள்வியை மாற்றுவோம். புரிந்ததா என்று கேளாமல், ‘இன்று வகுப்பில் நீ என்ன கேள்வி கேட்டாய்?’ என்று கேட்போம். ஒன்றும் கேட்கவில்லை என்று நான்கு நாள் தொடர்ந்து விடை வந்தால், அதனை உடல் நலம் குன்றியதற்கான முதல் அறிகுறி போலக் கொண்டு கவனிப்போம். கடிந்துகொள்ள வேண்டா. ‘கேட்க நினைத்து விட்டுவிட்டது ஏதேனும் உண்டா? எனக்குத் தமிழில் சொல்’ என்று அருகில் அமர்வோம். நமக்கு அப்பாடம் தெரியவேண்டும் என்பதில்லை. வீட்டுப் பாட்டிக்கு விளங்கும்படி ஒரு மின்மாற்றியின் வேலையைச் சொல்லத் தெரிந்த பிள்ளை, அதனை உண்மையாகவே கற்றவனாவான். பாட்டிக்கும் பொழுது போகும்.

இரண்டாவது, சுவீடன் மாணவர் தாமே கண்டறிந்த வழிகளை நம் பிள்ளைகளும் மேற்கொள்ளலாம். நாளை நடக்கும் பாடத்தை இன்றிரவே ஒரு முறை படித்துவிட்டுச் செல்லுதல், வகுப்பில் எழுதுவதைக் குறைத்துக் கேட்பதை மிகுத்தல், வகுப்பு முடிந்தவுடன் ஆசிரியரை அணுகுதல் ஆகிய இம்மூன்றிற்கும் காசு செலவில்லை. தொடக்கத்தில் காணும் இடர்ப்பாடு என்றும் நிலைத்திருப்பதும் இல்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ரெனாட்டே கிளாசன் 2001 இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கில வகுப்பிற்கு மாறிய மாணவர்கள் ஓராண்டு அளவில் பெரிதும் பழகிக்கொண்டதைக் காட்டியது. ஆகவே, முதலாண்டில் தடுமாறும் பிள்ளையை நோக்கி, ‘உனக்கு இந்தப் படிப்பு வராது’ என்று தீர்ப்புரைத்தல் பெரும் பிழையாகும். முதலாண்டுதான் நாம் கைகொடுக்க வேண்டிய காலம்.

மூன்றாவது, ஆசிரியப் பணியில் இருப்போர் நம் சங்கத்தில் பலர் உள்ளனர். தொழிற்பயிற்சி வகுப்பெடுக்கும் பொறியாளர்களும் உள்ளனர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதே டெல்ஃப்ட் ஆய்வு மற்றொன்றையும் கூறியது: ஆசிரியரின் ஆங்கிலப் புலமையைக் காட்டிலும் அவர் கற்பிக்கும் முறையே மாணவர்க்குப் பெரிதும் துணை செய்கிறது. ஆகவே புதிய சொல்லைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். கால் மணிக்கு ஒரு முறை நிறுத்துங்கள். இருவர் இருவராகச் சேர்ந்து, தமக்குத் தெரிந்த எந்த மொழியிலேனும் இரண்டு நிமிடம் பேசிக்கொள்ள விடுங்கள். எல்லோர் முன்னும் ஆங்கிலத்தில் எழுந்து கேட்க நாணும் பிள்ளை, பக்கத்து நண்பனிடம் இந்தியிலோ தமிழிலோ கேட்டுவிடுவான். மௌனத்தை உடன்பாடு என்று கொள்ளாதீர்கள்.

நான்காவது, நம் சங்கத்தின் கடமை. நம் நூலக அறை ஞாயிறு மாலைகளில் சீட்டாட்டத்திற்குப் பெரிதும் பயன்பட்டு வருகிறது. சீட்டாடும் அன்பர்கள் எம்மைப் பொறுத்தருள்க. வாரத்தில் இரண்டு மணி நேரம் அவ்வறையை மாணவர்க்கு விட்டுக்கொடுக்கலாம். மூன்றாம் ஆண்டு பயில்பவர் முதலாண்டு மாணவர்க்குப் பாடத்தைத் தமிழில் விளக்கட்டும். கலைச்சொல் அகராதி ஒன்று மேசையில் இருக்கட்டும். தமிழ் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகள் பலர்க்கு, தமிழ் எழுத்துக்களைக் கற்கவும் இது ஒரு காரணமாகும். பாடல் போட்டிக்காகத் தமிழ் கற்பதைக் காட்டிலும், பாடம் விளங்குவதற்காகக் கற்கும் தமிழ் ஆழமாக வேர் கொள்ளும்.

இறுதியாக, நம் பிள்ளைகள் அல்லாத சில பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2021 முதல் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு, தமிழ் உட்பட 13 மொழிகளில் நடத்தப்படுகிறது. தமிழ்வழிப் பள்ளியில் பயின்ற ஒரு மாணவன் தமிழிலேயே தேர்வெழுதி, வடநாட்டுத் தொழில்நுட்பக் கழகம் ஒன்றில் இடம் பெறலாம். தேர்வறை வரை அவனோடு வந்த தமிழ், வகுப்பறை வாயிலில் நின்றுவிடுகிறது. உள்ளே ஆங்கிலம், விடுதியில் இந்தி. ஊரில் முதல் மாணவனாக இருந்தவன் இங்கே கடைசி இருக்கையில் ஒடுங்கி அமர்கிறான். அவனுக்கு அறிவு குறைந்துவிடவில்லை. கேட்பதற்கு ஒரு மொழி இல்லை, அவ்வளவே.

அத்தகைய மாணவன் நம் ஊர்க் கல்லூரிகளுக்கு வந்தால், அவனுக்கு இந்நகரில் உறவென்று சொல்லிக்கொள்ள யார் இருக்கிறார்கள்? நாம்தாம் இருக்கிறோம். கல்வியாண்டு தொடங்கும் மாதத்தில், விடுதிகளில் புதிதாகச் சேர்ந்த தமிழ் மாணவ மாணவியரைச் சங்கத்தின் சார்பில் தேடிச் சென்று காண்போம். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை வீட்டுச் சாப்பாட்டிற்கு அழைப்போம். சாம்பாரும் ரசமும் அவனுக்கு ஊர் நினைவை ஆற்றும். அதற்கும் மேலாக, உணவு முடிந்த பின் நம் வீட்டுப் பிள்ளையோடு அமர்ந்து, வகுப்பில் விளங்காததைத் தமிழில் கேட்டுத் தெளிந்துகொள்வான். நம் பிள்ளைக்கு ஆங்கிலம் வசப்பட்டிருக்கும். அவனுக்குப் பாடத்தின் அடிப்படை தமிழில் உறுதியாக நின்றிருக்கும். ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்க இரு பக்கமும் பொருள் உண்டு.

பெரியோர்களே! தாய்மார்களே! கல்லூரி தரும் வினாத்தாளில் மாணவன் எந்தக் கட்டத்தில் குறியிடுகிறான் என்பது கல்லூரிக்கு வேண்டிய கணக்கு. நமக்கு வேண்டிய கணக்கு வேறு. வகுப்பில் எழுந்து நின்று ‘ஐயா, எனக்கு இது விளங்கவில்லை’ என்று நாணாமல் சொல்லும் துணிவு நம் பிள்ளைக்கு உண்டா? தான் கற்றதைத் தன் தாய்க்கு விளங்கச் சொல்லும் தெளிவு உண்டா? இவ்விரண்டும் உண்டெனில், பாடம் எம்மொழியில் நடந்தாலும் நாம் மனநிறைவு கொள்ளலாம்.

நூலக அறையின் முதற்கூட்டத்தை வருகின்ற ஞாயிறே தொடங்கலாம் என்று செயலாளர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். தத்தம் பிள்ளைகளை அனுப்பி வைக்க வேண்டுகிறோம்.